குடும்பக் கதைக்குள் நாட்டு வரலாறு: வரலாற்றுப் புனைகதையை வாசித்து விடையெழுதும் முறை



தமிழ் மொழியும் இலக்கியமும், தமிழ் இலக்கிய நயம் ஆகிய பாடங்களுக்குத் தோற்றும் நீங்கள், "கதை நிகழும் காலச் சூழல் பாத்திரங்களின் வாழ்வை எவ்வாறு பாதித்துள்ளது?" என்ற வகையிலான வினாவுக்கு முகங்கொடுக்க நேரிடலாம். இவ்வாறான வினாவைக் கண்டதும் மாணவர் பலர் இரண்டு வழிகளுள் ஒன்றிலே செல்கின்றனர். சிலர் வரலாற்றுப் பாடத்திற் படித்த ஆண்டுகளையும் சட்டங்களையும் வரிசையாக எழுதிவிடுகின்றனர். வேறு சிலர் கதையைச் சுருக்கிக் கூறி, "இதனால் அக்குடும்பத்தினர் மிகவும் துன்பப்பட்டனர்" என்று முடித்துவிடுகின்றனர்.

இவ்விரண்டும் முழுமையான விடைகள் அல்ல. முதல் விடையில் கதை இல்லை. இரண்டாவது விடையில் காலம் இல்லை. நாட்டில் நடந்த நிகழ்வு வீட்டுக்குள் எதனை மாற்றியது, அம்மாற்றத்தின் முன் வீட்டார் என்ன முடிவை எடுத்தனர் என்பதை எடுத்துக்காட்டுவதே சிறந்த விடையாகும். அதனை எவ்வாறு செய்வது என இக்கட்டுரையிற் படிப்படியாக நோக்குவோம்.

1. வரலாற்றுப் புனைகதை என்றால் என்ன?

உண்மையாக நிகழ்ந்த ஒரு காலத்தையும் நிகழ்வையும் பின்புலமாகக் கொண்டு, கற்பனைப் பாத்திரங்களின் வாழ்வைக் கூறும் சிறுகதை அல்லது நாவல் வரலாற்றுப் புனைகதை எனப்படும். இதில் இரண்டு வகைகளைப் பிரித்தறிந்து கொள்ளுங்கள்.

(அ) அரசர், போர், அரண்மனை ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. கல்கி 1950 தொடக்கம் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' இதற்குத் தக்க உதாரணமாகும்.

(ஆ) அரசியற் கொந்தளிப்பினிடையே அகப்பட்ட சாதாரண குடும்பங்களை மையமாகக் கொண்டவை. அதே கல்கி 1948, 1949 காலப்பகுதியில் எழுதிய 'அலை ஓசை' இவ்வகையைச் சார்ந்தது. இந்நாவலுக்கு 1956 ஆம் ஆண்டில் இந்திய சாகித்திய அக்கடமி விருது வழங்கப்பட்டது.

முதல் வகையில் முடிவெடுப்பவர்கள் ஆட்சியாளர்கள். இரண்டாவது வகையில் வருவோர் வேறெங்கோ எடுக்கப்பட்ட முடிவின் விளைவைத் தம் வீட்டு வாசலில் சந்திப்பவர்கள். இக்கட்டுரை இந்த இரண்டாவது வகையைப் பற்றியதாகும்.

2. எழுத்தாளர் ஏன் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கிறார்?

இதற்கு மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, ஒரு குடும்பத்தில் பல வயதினர் இருப்பர். ஒரே நிகழ்வை மூத்தம்மா ஒருவிதமாகவும் வாப்பா வேறுவிதமாகவும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இன்னொரு விதமாகவும் காண்பர். இதனால் ஒரு வீட்டுக்குள்ளேயே பல பார்வைகளைக் காட்ட முடிகின்றது.

இரண்டாவது, ஒரு சட்டமோ கலவரமோ நேரடியாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் மூடப்பட்ட கடை, வெறுமையாகிய அரிசிப் பானை, நின்றுபோன கலியாணம், பாடசாலைக்குப் போகாத பிள்ளை ஆகியன கண்ணுக்குத் தெரியும். வீட்டுப் பொருள்களினூடாக வரலாறு காட்சியாகின்றது.

மூன்றாவது, குடும்பத்தில் உள்ளவர்கள் ஒருவருக்காக ஒருவர் முடிவெடுக்க வேண்டியவர்கள். போவதா இருப்பதா, பேசுவதா மௌனமாக இருப்பதா, கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்ற கேள்விகளுக்கு விடை கூறும்போதே பாத்திரத்தின் உண்மையான குணம் வெளிப்படுகின்றது.

3. சில எடுத்துக்காட்டுகள்

ரஷ்ய எழுத்தாளர் தோல்ஸ்தோயின் 'போரும் வாழ்வும்' என்ற நாவல் 1812 ஆம் ஆண்டு நெப்போலியன் ரஷ்யா மீது படையெடுத்த காலத்தைக் கூறுவது. மொஸ்கோ நகரை விட்டு மக்கள் வெளியேறும்போது, ரொஸ்தோவ் குடும்பத்தினர் தமது வீட்டுச் சாமான்களை வண்டிகளில் ஏற்றுகின்றனர். அவ்வேளை காயமடைந்த போர்வீரர் பலர் ஏற்றிச் செல்ல எவருமின்றிக் கிடக்கின்றனர். மகள் நட்டாஷா பெற்றோருடன் வாதாடி, சாமான்களை இறக்கிக் காயமடைந்தோரை ஏற்றச் செய்கிறாள். பெரும் போர் ஒன்று இங்கே ஒரு வண்டியில் எதனை ஏற்றுவது என்ற குடும்பக் கேள்வியாகச் சுருங்குகின்றது. ஆயினும் வாசகருக்குப் போரின் முழுக் கனமும் அந்த ஒரு காட்சியிலேயே விளங்கிவிடுகின்றது.

'அலை ஓசை' 1930களிலிருந்து 1948 இல் காந்தியடிகள் கொல்லப்பட்ட காலம் வரை செல்கின்றது. ராஜம்பேட்டை என்ற கிராமத்தில் தொடங்கும் லலிதா, சீதா ஆகியோரின் வாழ்க்கை இந்திய விடுதலைப் போராட்டத்தோடும் பிரிவினையோடும் பின்னிச் செல்கின்றது. நாவலின் நான்கு பாகங்களுக்கும் பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் எனப் பெயரிடப்பட்டுள்ளமையைக் கவனியுங்கள். இயற்கையின் சீற்றம் நாட்டின் கொந்தளிப்புக்கும் வீட்டின் கொந்தளிப்புக்கும் ஒருங்கே பொருந்தும் குறியீடாகின்றது. தலைப்பின் பொருத்தம் பற்றிய வினாக்களுக்கு இவ்வாறு விளக்கம் எழுதப் பழகுங்கள்.

ஈழத்தின் முதற் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுவது சித்திலெவ்வை 1885 இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' ஆகும். அதன் பின்னர் நமது நாட்டு எழுத்தாளரும் தம் காலத்தின் அரசியலை நாவலாக்கினர். செங்கை ஆழியானின் 'தீம் தரிகிட தித்தோம்' 1956 ஆம் ஆண்டின் மொழிச் சட்டக் காலத்தைப் பின்னணியாகக் கொண்டது. அருளரின் 'லங்கா ராணி' 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் கொழும்பிலிருந்து வடக்கே கப்பலிற் சென்ற அகதிகளைப் பற்றியது. தேவகாந்தனின் 'கனவுச்சிறை' 1981 முதல் 2001 வரையான இருபது ஆண்டுகளை ஐந்து பாகங்களிற் கூறுகின்றது.

4. நமது கரையோரத்தில்

கல்முனைக் கரையோரத்துப் பிரதான வீதியில் ஒரு முறை பஸ்ஸிற் சென்று பாருங்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் வேலியோடு வேலியாக அமைந்துள்ளன. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி வருகின்றன. மொழி ஒன்று, சந்தை ஒன்று, வயலுக்குப் பாயும் தண்ணீரும் ஒன்று. ஆகவே இங்கு அரசியற் கொந்தளிப்பு ஏற்பட்ட போதெல்லாம் அது இரண்டு அயல் வீடுகளுக்கிடையிலான விடயமாகவும் மாறியது.

இப்பிரதேசத்து நாவலாசிரியர்கள் இதனைப் பதிவுசெய்துள்ளனர். விமல் குழந்தைவேலின் 'கசகறணம்' (2011) அக்கரைப்பற்றுச் சந்தையைக் களமாகக் கொண்டு, தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த வாழ்வையும் அது குலைந்த விதத்தையும் கூறுகின்றது. கல்முனைப் பிரதேசத்தைச் சேர்ந்த தீரன் ஆர்.எம். நௌஷாத்தின் 'கொல்வதெழுதுதல் 90' (2013) முஸ்லிம் கிராமமொன்றின் 1990 காலப்பகுதியைச் சித்திரிக்கின்றது. இத்தலைப்பை உரத்து வாசித்துப் பாருங்கள். பாடசாலையில் நாம் செய்யும் 'சொல்வதெழுதுதல்' என்பதில் ஓர் எழுத்து மாறியுள்ளது. பிள்ளைகள் அன்றாடம் அறிந்த ஒரு சொல்லுக்குள் மரணம் புகுந்துவிட்டது. காலச் சூழல் வீட்டுக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் நுழைந்ததைத் தலைப்பே உணர்த்திவிடுகின்றது.

5. பயிற்சிப் பகுதி

பின்வரும் பகுதி உங்கள் பயிற்சிக்காகவே எழுதப்பட்ட கற்பனைப் பகுதியாகும். களம் மருதமுனை, காலம் 1990 ஆம் ஆண்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாட்கள். கவனமாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரேயொரு தறி. அதில் மஞ்சள் நிறச் சேலையொன்று பாதியில் நின்றது. பாண்டிருப்பு ரீச்சர் தன் மகளின் கலியாணத்துக்கென்று முற்காசு தந்து நெய்வித்தது. பதினைந்து நாளாக ரீச்சர் வரவில்லை. பாதையில் எவரும் போகவுமில்லை, வரவுமில்லை. விடிந்தால் பொழுதுபடும் வரை தறிச் சத்தம் கேட்கும் எங்கள் தெருவில் இப்போது றேடியோச் சத்தம் மட்டுந்தான் கேட்டது.

"பாவ அறுத்துப்போட்டு நாலு சாரனாவது நெய்ங்க. பெருநாளும் வருது. பானையில அரிசியும் இல்ல" என்றா உம்மா.

வாப்பா தறிக்குழிக்குள் காலை வைத்தபடி சற்றுநேரம் பேசாமல் இருந்தார்.

"அந்தப் புள்ளைக்கு ஆவணியிலதான் கலியாணம். அதுக்குள்ள பாதை தொறந்திரும்."

"தொறக்காட்டி?"

"ரீச்சர்ர காசிலதான் நூல் வாங்கின. நெய்து முடிச்சா அது சேல. அறுத்தா வெறுந் துண்டு."

அடுத்த நாள் பள்ளிவாசலால் வந்த மூத்தாப்பா திண்ணையில் இருந்து சொன்னார்: "ஊருல நாலு பேர் கேக்கிறாங்க மகன், இன்னமும் அவங்களுக்கா நெய்யிறாய் எண்டு."

வாப்பா மறுமொழி சொல்லவில்லை. அன்றிரவு விளக்குத் திரியை இறக்கி வைத்துவிட்டுத் தறியில் இருந்தார். உம்மா எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினா, ஜன்னலையும் சாத்தினா. பிறகு வந்து நூல் சுற்ற இருந்தா. விடிய எழும்பிப் பார்த்தேன். சேலை ஒரு முழம் நீண்டிருந்தது.

6. வினாக்களும் விளக்கமும்

வினா 1: நாட்டின் அசாதாரண நிலையை உணர்த்தும் மூன்று குறிப்புகளை எடுத்துக்காட்டுக.

விளக்கம்: ரீச்சர் பதினைந்து நாளாக வராமை, பாதையில் போக்குவரத்து இன்மை, தறிச் சத்தம் நின்று றேடியோச் சத்தம் கேட்டல் ஆகிய மூன்றையும் குறிப்பிடலாம். இப்பகுதியில் துப்பாக்கி இல்லை, படையினர் இல்லை, யுத்தம் என்ற சொல்லும் இல்லை. இருந்தும் காலம் தெளிவாகத் தெரிகின்றது. கதையில் இல்லாத போர்க் காட்சிகளை உங்கள் விடையிற் சேர்க்க வேண்டாம்.

வினா 2: தறியில் நிற்கும் சேலை இக்குடும்பத்துக்கு எவ்வகையில் நெருக்கடியை ஏற்படுத்துகின்றது?

விளக்கம்: ஒரு தறியில் ஏற்றிய பாவை நெய்து முடிக்கும் வரை அல்லது அறுத்து அகற்றும் வரை வேறு துணி நெய்ய முடியாது. வீட்டில் இருப்பதும் ஒரே தறி. ஆகவே சேலையை வைத்திருப்பது வருமானத்தை இழப்பதாகும். அறுப்பது நம்பி முற்காசு தந்தவருக்குக் கொடுத்த வாக்கை இழப்பதாகும். பாதை மூடப்பட்டமை என்ற வெளி நிகழ்வு, வீட்டுக்குள் பசிக்கும் வாக்குக்கும் இடையிலான போராட்டமாக மாறியுள்ளது.

வினா 3: உம்மாவின் பாத்திரத்தை மதிப்பிடுக.

குறைபாடுள்ள விடை: உம்மா இரக்கமற்றவர். அவர் பணத்தையே பெரிதாக நினைத்தார். வாப்பா நல்லவர்.

சிறந்த விடை: உம்மா குடும்பத்தின் பசியை முதலில் உணர்பவர். பாவை அறுக்கச் சொன்னது ரீச்சர் மீதான வெறுப்பினால் அன்று. பானையில் அரிசி இல்லாமையினாலேயே ஆகும். பின்னர் ஊரார் பேச்சு வீட்டுக்குள் வந்தபோது அவர் வாதாடவில்லை. தறிச் சத்தம் தெருவுக்குக் கேளாதவாறு கதவையும் ஜன்னலையும் சாத்தி, தானும் நூல் சுற்ற அமர்கிறார். கணவனின் முடிவை அவர் ஏற்றுக்கொண்டதை எழுத்தாளர் சொல்லாற் கூறாமற் செயலாற் காட்டுகிறார். அதே கதவு அவருடைய அச்சத்தையும் காட்டுகின்றது.

இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். முதல் விடை தீர்ப்புக் கூறுகின்றது. இரண்டாவது விடை நெருக்கடியையும் செயலையும் இணைத்து, கதையிலிருந்தே சான்று தருகின்றது.

விடை எழுதும்போது பின்வரும் மூன்று படிகளையும் நினைவிற் கொள்க:
• வெளியில் என்ன நடந்தது?
• அதனால் வீட்டுக்குள் எது மாறியது?
• அம்மாற்றத்தின் முன் யார், என்ன முடிவெடுத்தார்?

7. மாணவர் விடும் பொதுவான தவறுகள்

• பாத்திரத்தின் கூற்றை எழுத்தாளரின் கருத்தாகக் கொள்ளுதல். மேற்குறித்த பகுதியில் மூத்தாப்பா கொண்டுவந்தது ஊராரின் பேச்சு. அதனை எழுத்தாளர் ஆதரிக்கிறார் என எழுதினால் அது பிழையாகும்.

• புனைகதையை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல். நாவலில் வரும் பின்னணி நிகழ்வு உண்மையாக இருக்கலாம். பாத்திரமும் உரையாடலும் கற்பனையாகும். திகதியையும் எண்ணிக்கையையும் அறிய வரலாற்று நூலை நாட வேண்டும். அக்காலத்து மக்கள் எவ்வாறு அஞ்சினர், எவ்வாறு நம்பினர் என்பதை அறியப் புனைகதை உதவும்.

• ஒரு குடும்பத்தின் அனுபவத்தை அக்காலத்தின் முழு வரலாறாகக் கருதுதல். மாணவர் பலர் கவனிக்கத் தவறும் தவறு இதுவே. ஆகவே இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

8. ஒரு வீட்டின் கதை மட்டும் போதுமா?

1990 ஜூன் 11 ஆம் திகதியுடன் கிழக்கில் யுத்தம் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 11 ஆம் திகதி இரவு ஏறாவூரில் முஸ்லிம் மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டனர். மறுநாள் ஆகஸ்ட் 12 ஆம் திகதி, சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் தமது சொந்த ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

ஏறாவூரின் ஒரு வீட்டை மட்டும் கொண்டு அந்த ஆகஸ்ட் மாதத்தை ஒருவர் நாவலாக எழுதலாம். அது உண்மையான கதையாக இருக்கும். வீரமுனையின் ஒரு வீட்டை மட்டும் கொண்டு இன்னொருவர் எழுதலாம். அதுவும் உண்மையான கதையாக இருக்கும். ஆனால் ஒன்றை மட்டும் வாசித்தவர் மற்றைய வீட்டில் அதே நாளில் விளக்கு அணைந்ததை அறியமாட்டார். தன் வீட்டின் துயரை அறிந்தவர், அயல் வீட்டின் துயரையும் வாசித்தால் மாத்திரமே அக்காலத்தை விளங்கிக்கொள்வார். ஒரு துயர் மற்றைய துயரைச் சிறிதாக்குவதில்லை. ஒன்றுக்கு மற்றையது நியாயமாவதுமில்லை. இவ்வகைக் கதைகளை நாம் பரீட்சைக்காக மட்டுமன்றி வாழ்க்கைக்காகவும் வாசிப்பதற்கு இதுவே காரணமாகும்.

ஆகவே, நாவல் ஒன்றை வாசிக்கும்போது, "இக்கதையில் யாருடைய வீட்டுக்குள் நாம் செல்கிறோம்? யாருடைய வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறோம்?" என்ற இரண்டு கேள்விகளையும் உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். நமது பயிற்சிப் பகுதியில் வாப்பா, உம்மா, மூத்தாப்பா ஆகிய மூவரின் குரலையும் கேட்டோம். ரீச்சரின் குரலைக் கேட்கவேயில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பதையும் நாம் அறியோம்.

9. நீங்களே செய்து பாருங்கள்

(அ) ஆவணி மாதம் பிறந்துவிட்டது. பாண்டிருப்பில் அந்த ரீச்சரின் வீட்டுக்குள் என்ன நடந்திருக்கும்? ரீச்சரின் மகள் கூறுவதாக 150 சொற்களில் எழுதுக. யுத்தம், கலவரம், அகதி ஆகிய மூன்று சொற்களையும் பயன்படுத்தாமல் எழுத முயற்சி செய்க.

(ஆ) பயிற்சிப் பகுதிக்குப் பொருத்தமான தலைப்பொன்றை இட்டு, அதன் பொருத்தப்பாட்டை ஐந்து வசனங்களில் விளக்குக.

(இ) உங்கள் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம், அவருடைய இளமைக் காலத்தில் நாட்டு நிகழ்வொன்றினால் வீட்டில் மாறிப்போன ஒரு பொருளை அல்லது வழக்கத்தைக் கேட்டறிந்து ஒரு பந்தியில் எழுதுக. அவர் சொல்ல விரும்பாவிடின் வற்புறுத்த வேண்டாம். அந்த மௌனத்தைப் பற்றியும் ஒரு பந்தி எழுதலாம்.

முதலாவது பயிற்சியை எழுதி முடித்ததும், மற்றைய சமூகத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். "எங்கள் வீட்டில் இப்படித்தான் பேசுவோம்" என்று அவர் சொன்னால் நீங்கள் பாத்திரத்தை நன்கு வார்த்துள்ளீர்கள். "இல்லை, இப்படியன்று" என்று சொன்னால், எது வேறுபடுகின்றது என அவரிடமே கேட்டுத் திருத்தி எழுதுங்கள்.